சென்னை – சிங்கப்பூர்: தூரம் எவ்வளவு, ஃப்ளைட்ல எவ்வளவு நேரம்? நீங்களே கணக்கு போட முழுமையான வழிகாட்டி

முதல்ல பதிலைச் சொல்லிடறேன், அப்புறம் விளக்கத்துக்கு வரலாம். சென்னை ஏர்போர்ட்டுக்கும் சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டுக்கும் நடுவுல வான்வழித் தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். மைல்ல சொன்னா 1,815 கிட்ட, பைலட்டுங்க பேசற நாட்டிகல் மைல்ல சுமார் 1,580. நேரடி ஃப்ளைட்டுக்கு டிக்கெட்ல போடற நேரம் 4 மணி நேரத்துல இருந்து நாலரை மணி நேரம் வரைக்கும். சிங்கப்பூர் நம்மளவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது.

இவ்வளவுதான் வேணும்னா இதோட நிறுத்திக்கலாம். ஆனா ஒரே ரூட்டுக்கு ஒரு சைட்ல 3 மணி 40 நிமிஷம்னு போட்டிருக்கும், இன்னொண்ணுல 4.30னு போட்டிருக்கும், டிக்கெட்டைப் பார்த்தா ஏழு மணி நேரம் மாதிரி தெரியும், திரும்பி வர்ற டிக்கெட்ல ஒன்றரை மணி நேரத்துலயே வந்துடற மாதிரி இருக்கும். இதுல எதுவுமே தப்பு இல்ல, ஒவ்வொண்ணும் வேற வேற விஷயத்தை அளக்குது. எது எதை அளக்குதுன்னு ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா சென்னை–சிங்கப்பூர் மட்டும் இல்ல, ஆசியாவுல எந்த ரெண்டு ஊருக்கும் நீங்களே பேப்பர்ல கணக்கு போட்டுடலாம், ஏர்போர்ட்டுக்கு எப்போ கிளம்பணும், அந்தப்பக்கம் யாரை எத்தனை மணிக்கு வரச் சொல்லணும்னு குழப்பமே இருக்காது.

படி 1: தூரத்தைச் சரியா எடுங்க

கூகுள்ல ரெண்டு ஊர் பேரைப் போட்டா வர்ற தூரம் சில சமயம் ஊர் நடுவுல இருந்து ஊர் நடுவு வரைக்கும் இருக்கும், சில சமயம் ஏர்போர்ட்ல இருந்து ஏர்போர்ட். நமக்கு வேண்டியது ரெண்டாவது. அதுவும் உருண்டையான பூமி மேல போடற மிகக் குறுகிய கோடு, அதாவது கிரேட் சர்க்கிள் தூரம். மேப்ல ஸ்கேல் வச்சு அளந்தா வர்றது அது இல்ல.

இதைக் கண்டுபிடிக்க கிரேட் சர்க்கிள் மேப்பர்னு ஒரு வெப்சைட் ரொம்ப வருஷமா இருக்கு, ரெண்டு ஏர்போர்ட்டோட மூணெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தா மேப்ல கோடு போட்டே காட்டிடும். சென்னைக்கு எம்ஏஏ, சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன். மெட்ராஸா இருந்தப்போ வச்ச குறியீடுதான் நமக்கு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

கையால போடணும்னு ஆசை இருந்தா அதுவும் கஷ்டம் இல்ல. சென்னை ஏர்போர்ட் அட்சரேகை சுமார் 12.99 வடக்கு, தீர்க்கரேகை 80.17 கிழக்கு. சாங்கி 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. ரெண்டு அட்சரேகையோட சைனையும் பெருக்கிக்கோங்க, கொசைனையும் பெருக்கி அதோட தீர்க்கரேகை வித்தியாசத்தோட கொசைனையும் பெருக்குங்க, ரெண்டையும் கூட்டுங்க. சுமார் 0.8965 வரும். அது எந்தக் கோணத்தோட கொசைன்னு பார்த்தா 26.3 டிகிரி. பூமி மேல ஒரு டிகிரி சுமார் 111.2 கி.மீ, பெருக்கினா 2,920 கி.மீ சொச்சம். பத்தாவது படிக்கற பிள்ளைங்க வீட்ல இருந்தா கால்குலேட்டர் கொடுத்து இதைச் செய்ய வைங்க, டிரிக்னாமெட்ரி எதுக்குப் படிக்கறோம்ங்கற கேள்விக்கு நல்ல பதில் இது.

தமிழ்நாட்டு மத்த ஏர்போர்ட்ல இருந்து இதே கணக்கு போட்டா திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ, மதுரை 3,015 கிட்ட, கோயம்புத்தூர் 3,160 கிட்ட வருது. திருச்சிக்கும் சென்னைக்கும் வித்தியாசம் வெறும் 60 கி.மீ, அதாவது வானத்துல அஞ்சு நிமிஷம் கூட இல்ல. தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி பக்கம் இருக்கறவங்க சென்னை டிக்கெட் கொஞ்சம் கம்மியா இருக்குன்னு முன்னூறு நானூறு கி.மீ பஸ்ல வர்றதுக்கு முன்னாடி இதை ஒருமுறை யோசிக்கணும்.

படி 2: அந்தக் கோடு எதுக்கு மேல போகுதுன்னு பாருங்க

சென்னையில இருந்து கிளம்பற கோடு கிழக்குல இருந்து கொஞ்சம் தெற்கா சாய்ஞ்சு வங்காள விரிகுடாவுல இறங்குது, அதுக்கப்புறம் ரொம்ப நேரம் வெறும் கடல். சரிபாதி தூரம் நிக்கோபார் தீவுகளுக்குக் கொஞ்சம் முன்னாடி வருது. அங்க இருந்து கிரேட் நிக்கோபாரோட தெற்கு முனையான இந்திரா முனை பக்கம் போய், சுமத்ரா தீவோட வடக்கு நுனியில இருக்கற பண்டா ஆச்சேவை ஒட்டி, மலாக்கா ஜலசந்தி மேலேயே நீளமா இறங்கி சிங்கப்பூருக்கு வருது. பகல் ஃப்ளைட்ல ஜன்னல் சீட் கிடைச்சா பின்பாதியில தூங்கிடாதீங்க, கீழ ஜலசந்தியில கப்பல்கள் வரிசையா போறது தெளிவான நாள்ல நல்லா தெரியும். ஒரு காலத்துல நம்ம ஆளுங்க எம்.வி. சிதம்பரம் மாதிரி கப்பல்ல சுமார் ஒரு வாரம் எடுத்துக் கடந்த தண்ணி இது.

நிஜ ஃப்ளைட் இந்தக் கோட்டுலயே அச்சு பிசகாமப் போகாது. வானத்துலயும் குறிச்ச பாதைங்க இருக்கு, தரையில இருந்து விமானத்துக்கு வழி சொல்ற சென்னை கன்ட்ரோல் கையில இருந்து கோலாலம்பூர் கன்ட்ரோல், அப்புறம் சிங்கப்பூர் கன்ட்ரோல்னு கைமாறிக்கிட்டே போகணும், நடுவுல மழை மேகம் இருந்தா சுத்திக்கிட்டுப் போகணும். அதனால நிஜமா பறக்கற தூரம் கோட்டுத் தூரத்தைவிட அஞ்சு சதவீதம் வரைக்கும் கூட இருக்கலாம்னு வச்சுக்கோங்க. இந்த ரூட்ல அது 150 கி.மீக்குள்ள அடங்கிடும்.

எல்லா ரூட்டும் இவ்வளவு சுலபமா இருக்காது. டெல்லி–தாஷ்கண்ட் நேர்கோட்டுத் தூரம் சுமார் 1,600 கி.மீ தான், நம்ம சிங்கப்பூர் தூரத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆனா 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடினதும் நேரா போக வழி இல்லாம சுத்திப் போக வேண்டிய தூரம் ரொம்பக் கூடிப்போச்சு, இண்டிகோ அந்த ரூட்டையே நிறுத்த வேண்டி வந்துச்சு. அதனால ஆசியாவுல எந்த ரூட்டுக்குக் கணக்கு போட்டாலும் அந்தக் கோடு எந்தெந்த நாட்டு மேல போகுது, அந்த வானம் இப்போ திறந்திருக்கான்னு பார்க்காம தூரத்தை நம்பாதீங்க. சென்னை–சிங்கப்பூர் பெரும்பாலும் கடல் மேலேயே போறதால இந்தத் தொல்லை கிடையாது.

படி 3: தூரத்தை நேரமா மாத்துங்க

இந்த ரூட்ல ஏ320, போயிங் 737 வகை சின்ன ஃப்ளைட்டும் வரும், ஏ350, 787 மாதிரி ரெண்டு நடைபாதை வச்ச பெரிய ஃப்ளைட்டும் வரும். சின்னது 35,000 அடி உயரத்துல ஒலி வேகத்துல 0.78 பங்குல போகும், அந்தக் குளிர்ல அது மணிக்கு சுமார் 830 கி.மீ. பெருசு 0.85 பங்கு, மணிக்கு 900 கி.மீ கிட்ட. 2,920ஐ 830ஆல வகுத்தா மூன்றரை மணி நேரம், 900ஆல வகுத்தா மூணே கால். ஆக பெரிய ஃப்ளைட்ல போனா மிச்சமாகறது ஒரு கால் மணி நேரம். அதுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கறதுல எனக்கு நியாயம் தெரியல, கால் நீட்ட இடம் வேணும், சாப்பாடு வேணும்னா அது வேற கணக்கு.

ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த வேகம் இருக்காது, அதுக்கு ஒரு பத்து நிமிஷம் சேர்க்கணும். பாதை வளைவுக்கு இன்னொரு பத்து நிமிஷம். சின்ன ஃப்ளைட்டுக்கு வானத்துல இருக்கற நேரம் 3 மணி 50 நிமிஷம் கிட்ட வந்துடுச்சா? சில சைட்ல பார்க்கற 3.40, 3.50 எல்லாம் இந்த நம்பர்தான், சக்கரம் தரையை விட்டதுல இருந்து தரையைத் தொடற வரைக்கும்.

டிக்கெட்ல இருக்கறது அது இல்ல. டிக்கெட்ல இருக்கறது கேட்டை விட்டு நகர்ந்ததுல இருந்து அந்தப்பக்கம் கேட்ல போய் நிக்கற வரைக்கும், ஏர்லைன்ல இதை பிளாக் டைம்னு சொல்லுவாங்க. புஷ்பேக் (விமானத்தைக் கேட்ல இருந்து பின்னால தள்றது), ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, முன்னாடி நாலு ஃப்ளைட் நின்னா க்யூ, சாங்கில இறங்கினதும் கேட் வரைக்கும் ஓடறது எல்லாம் சேர்த்தா இருபத்தஞ்சு முப்பது நிமிஷம். 3.50 கூட அதைக் கூட்டினா நாலே கால் தாண்டுது, ஏர்லைன் மேல கொஞ்சம் கை காவலா வச்சு நாலரைன்னு போட்டுடும். சரியான நேரத்துக்கு வந்தோம்னு காட்டணும்ல, அதனால எல்லாருமே இப்படிக் கொஞ்சம் கூட்டித்தான் போடறாங்க, பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டோம்னு பைலட் சொல்றதுக்குக் காரணமும் இதுதான்.

இவ்வளவும் போட நேரம் இல்லைன்னா ஒரு குறுக்கு வழி இருக்கு: தூரத்தை 800ஆல வகுத்து 35 நிமிஷம் கூட்டுங்க. 2,920 வகுத்தல் 800, அதாவது 3 மணி 39 நிமிஷம், 35 கூட்டினா 4.14. சென்னை–கொழும்பு 650 கி.மீ, 49 நிமிஷம், 35 கூட்டினா 1.24. சிங்கப்பூர்–கோலாலம்பூர் 300 கி.மீ, கூட்டினா ஒரு மணி நேரம் கிட்ட. மூணுமே டிக்கெட்ல இருக்கற நேரத்துக்கு ரொம்பப் பக்கத்துல வரும். தூரம் 5,000 தாண்டினா மட்டும் இது ஆட்டம் காணும், காரணம் காத்து.

படி 4: காத்தைக் கணக்குல எடுங்க

இது பலரும் கவனிக்காத பகுதி, எனக்குப் பிடிச்ச பகுதியும் இதுதான். 10–12 கி.மீ உயரத்துல காத்து சும்மா இருக்காது. ஜப்பான்ல தடேனோ ஆய்வு நிலையத்துல வசாபுரோ ஒய்ஷினு ஒரு வானிலை விஞ்ஞானி 1920கள்ல பலூன் விட்டு அளந்து, மேல பலமான மேற்குக் காத்து ஓடுதுன்னு கண்டுபிடிச்சார். அதை எஸ்பெராண்டோங்கற செயற்கை மொழியில எழுதினதால வெளியுலகத்துல ரொம்பப் பேர் கவனிக்கல. இன்னைக்கு நாம ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்றது அதைத்தான். மேற்குல இருந்து கிழக்கா ஓடற இந்தக் காத்து குளிர்காலத்துல வட இந்தியா, சீனா, ஜப்பான் மேல பலமா இருக்கும். டெல்லி–டோக்கியோ சுமார் 5,900 கி.மீ, போகும்போது ஏழரை எட்டு மணி நேரம், திரும்பி வரும்போது ஒன்பது மணி நேரம் தாண்டிடும். அதே தூரம், அதே விமானம், ஆத்து நீரோட போறதுக்கும் எதிர்நீச்சல் போடறதுக்கும் இருக்கற வித்தியாசம்.

இதைப் படிச்சுட்டு "அப்போ கிழக்க போறது எப்பவுமே சீக்கிரம்"னு முடிவு பண்ணிடாதீங்க. சென்னை–சிங்கப்பூர் ரூட் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கு, அந்த மேற்கு ஜெட் இங்க பெருசா எட்டாது. இங்க வேற ஒண்ணு இருக்கு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், தென்மேற்குப் பருவமழை காலத்துல, தென்னிந்தியா மேல கிழக்குல இருந்து மேற்கா ஒரு ஜெட் ஓடும். வெப்பமண்டல கிழக்கு ஜெட்னு அதுக்குப் பேரு, அதை 1950கள்ல அடையாளம் காட்டினவர் நம்ம நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டேஸ்வரம். கீழ தென்மேற்குல இருந்து காத்து அடிக்கும்போதே மேல நேர் எதிர்ப்பக்கம் ஓடுது, அதுதான் ஆச்சரியம். இது ரொம்பப் பலமா இருக்கறது 14–16 கி.மீ உயரத்துல, ஃப்ளைட் அதுக்குக் கீழதான் போகும், ஆனாலும் அதோட பாதிப்பு கொஞ்சம் படும்.

அதாவது பருவமழை மாசங்கள்ல சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காத்து, சென்னை திரும்பும்போது பின்காத்து. உதாரணத்துக்கு மணிக்கு 50 கி.மீ காத்துன்னு வச்சுக்கிட்டா எதிர்ல வந்தா 780 கி.மீ வேகம், 3.45 ஆகும், பின்னாடி தள்ளினா 880, 3.20ல முடிஞ்சுடும். ரெண்டுக்கும் நடுவுல 25 நிமிஷம். ஒரே ரூட்டுக்குப் போற நேரமும் வர்ற நேரமும் டிக்கெட்ல வேற வேறயா இருக்கறதுக்கு இது ஒரு காரணம்.

மழையைப் பத்தியும் சொல்லணும். மலாக்கா ஜலசந்தி, சுமத்ரா பக்கம் இடிமேகம் வருஷம் முழுக்க சகஜம், சீட் பெல்ட் லைட் எரிஞ்சா பயப்பட ஒண்ணும் இல்ல, மேகத்தைச் சுத்திப் போவாங்க, ஒரு பத்து நிமிஷம் போகும். சென்னைப் பக்கம்தான் கவனம் வேணும். நவம்பர், டிசம்பர்ல புயல் வந்தா ஏர்போர்ட்டையே மூட வேண்டிய நிலைமை வரும்: 2015 டிசம்பர் வெள்ளத்துல சில நாள் மூடிக் கிடந்துச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ ரன்வேல தண்ணி நின்னுச்சு, 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சலுக்கும் மூடினாங்க. அந்த ரெண்டு மாசத்துல சிங்கப்பூர்ல இருந்து வேற நாட்டுக்குத் தொடர் ஃப்ளைட் தனி டிக்கெட்டா எடுத்திருந்தா நடுவுல ஒரு நாள் விட்டு எடுங்க.

படி 5: கடிகாரக் கணக்கு

அதிகமா தடுமாறற இடம் இதுதான். டிக்கெட்ல கிளம்பற நேரம் சென்னை நேரம், போய்ச் சேர்ற நேரம் சிங்கப்பூர் நேரம். எந்த ஏர்லைன் எடுத்தாலும் இது இப்படித்தான். இந்தியா உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னாடி, சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னாடி. வித்தியாசம் இரண்டரை.

ஒரு உதாரணம் பாருங்க. ராத்திரி 11.15க்குச் சென்னையில கிளம்பி காலையில 6.05க்கு சிங்கப்பூர்னு டிக்கெட்ல இருக்கு. நேரா கழிச்சா 6 மணி 50 நிமிஷம். அதுல இரண்டரை போனா 4.20, இதுதான் நிஜப் பயண நேரம். திரும்பி வர்றப்போ ராத்திரி 8.30க்கு சிங்கப்பூர்ல கிளம்பி 10.10க்குச் சென்னை. பார்த்தா 1 மணி 40 நிமிஷம், இரண்டரையைக் கூட்டினா 4.10. கிழக்க போகும்போது கழி, மேற்க வரும்போது கூட்டு, இது மட்டும் மனசுல நின்னா போதும்.

இந்த இரண்டரைக்குள்ள ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. ரெண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 24 டிகிரி, ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம்னா சூரியக் கணக்குப்படி ஒரு மணி 35 நிமிஷம்தான் வித்தியாசம் இருக்கணும். மீதி எங்க இருந்து வந்துச்சு? 1981 கடைசி வரைக்கும் சிங்கப்பூர் உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னாடிங்கற கணக்குல ஓடிச்சு, நமக்கும் அவங்களுக்கும் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம். 1982 தொடக்கத்துல மலேசியா தன் நாடு முழுக்க ஒரே நேரம்னு எட்டுக்கு மாறிச்சு, சிங்கப்பூரும் கூடவே மாறிடுச்சு. அதனாலதான் அங்க வருஷம் முழுக்க சூரியன் காலையில ஏழு மணி வாக்குல உதிக்குது, சாயங்காலம் ஏழு வாக்குல மறையுது. காலையில 6 மணிக்கு இறங்கினா வெளிய இருட்டாத்தான் இருக்கும், "இன்னும் விடியலையே, டைம் மாத்திச் சொல்லிட்டாங்களோ"ன்னு குழம்பாதீங்க. ரெண்டு நாட்டுலயும் கோடைக்குக் கடிகாரத்தை மாத்தற பழக்கம் இல்ல, இரண்டரை எப்பவும் இரண்டரைதான்.

இப்போ தேதி. இந்த ரூட்ல நடுராத்திரியை ஒட்டிக் கிளம்பற ஃப்ளைட் நிறைய. டிக்கெட்ல 15ஆம் தேதி 00.30னு இருந்தா நீங்க வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி சாயங்காலம் சாப்பிட்டுட்டு. 15ஆம் தேதி ராத்திரி பெட்டியைத் தூக்கிட்டுப் போனா ஃப்ளைட் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். வயசானவங்களைத் தனியா அனுப்பறீங்கன்னா தேதியை மட்டும் சொல்லாதீங்க, "வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்ல இருந்து கிளம்பணும்மா"ன்னு கிழமையோட சொல்லுங்க. அந்தப்பக்கம் அழைக்க வர்றவங்களுக்கும் சிங்கப்பூர் நேரத்துல, எந்தத் தேதி காலைன்னு எழுதி அனுப்புங்க.

படி 6: வீட்டுல இருந்து வீடு வரைக்கும்

நாலே கால் மணி நேரம்ங்கறது பயணத்துல பாதி கூட இல்ல. தி.நகர்ல இருந்து லிட்டில் இந்தியா போற ஒருத்தர் கணக்கைப் பார்ப்போம். ஏர்போர்ட் போக முக்கால் மணி நேரம். மூணு மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும், ஏன்னா செக்-இன் கவுன்ட்டரை ஏர்லைனைப் பொறுத்து கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் அல்லது அதுக்கும் கொஞ்சம் முன்னாடியே மூடிடுவாங்க, அதுக்கப்புறம் இமிக்ரேஷன், செக்யூரிட்டி ரெண்டு வரிசை இருக்கு. ஃப்ளைட் நாலே கால். சாங்கில இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் சேர்த்து அம்பது நிமிஷம். சிங்கப்பூர் மெட்ரோ ரயிலான எம்ஆர்டில முக்கால் மணி நேரம். மொத்தம் ஒன்பதரை மணி நேரம் தாண்டுது. லீவு கேட்கும்போதும், போன உடனே மீட்டிங் வைக்கும்போதும் இந்த நம்பரை வச்சு முடிவு பண்ணுங்க.

சென்னையில இன்டர்நேஷனல் ஃப்ளைட் 2023ல திறந்த புது டெர்மினல் 2ல இருந்து போகுது. மெட்ரோ ஏர்போர்ட்டுக்குள்ளயே வருது, மின்சார ரயில்ல வர்றவங்க திரிசூலம் ஸ்டேஷன்ல இறங்கி எதிர்ல வந்துடலாம். ஆனா மெட்ரோ ராத்திரி 11 மணி வாக்குல நின்னுடும், நடுராத்திரி சென்னையில வந்து இறங்கறவங்க டாக்ஸிக்கு ஏற்பாடு பண்ணிட்டு வாங்க.

சாங்கிப் பக்கமும் இதே மாதிரி ஒரு கணக்கு. எம்ஆர்டி காலையில அஞ்சரை வாக்குல ஆரம்பிச்சு ராத்திரி 11 தாண்டினதும் முடியும். ஸ்டேஷன் டெர்மினல் 2க்கும் 3க்கும் நடுவுல இருக்கு, டெர்மினல் 1ல இறங்கினா டெர்மினல்களுக்கு நடுவுல ஓடற ஸ்கைட்ரெய்ன்ல வந்துடலாம், 4ல இறங்கினா ஷட்டில் பஸ். லிட்டில் இந்தியாவுக்கு எக்ஸ்போ ஸ்டேஷன்ல இறங்கி டவுன்டவுன் லைன் மாறினா நேரா போயிடலாம், அதுக்கப்புறம் மாத்த வேண்டியதில்ல. காலை 4 மணிக்கு இறங்கற டிக்கெட் கம்மி விலையில கிடைச்சா டாக்ஸிச் செலவையும் சேர்த்துப் பாருங்க, அல்லது ஏர்போர்ட்லயே அஞ்சரை வரைக்கும் உட்கார்ந்திருங்க, சாங்கில உட்கார இடத்துக்குப் பஞ்சமில்ல.

பேப்பர் வேலை ரெண்டு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்கியிருக்கணும். சிங்கப்பூருக்குள்ள நுழையறதுக்கான எஸ்ஜி அரைவல் கார்டுங்கற படிவத்தைப் போய்ச் சேர்ற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும், அது முழுக்க இலவசம், காசு கேட்கற சைட் வந்தா அது அரசாங்க சைட் இல்ல, மூடிட்டு வெளிய வந்துடுங்க.

படி 7: நேரடியா, மாறிப் போறதா

இங்கதான் தூரத்தை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். கோலாலம்பூர் வழியா போனா சென்னை–கோலாலம்பூர் சுமார் 2,630 கி.மீ, அங்க இருந்து சிங்கப்பூர் சுமார் 300. கூட்டினா 2,930. நேரடித் தூரத்தைவிடப் பத்து கி.மீ வாக்குலதான் அதிகம், ஏன்னா கோலாலம்பூர் கிட்டத்தட்ட அதே கோட்டு மேலதான் இருக்கு. ஆனா நேரம்? நாலு மணி நேரம் பறந்து, ரெண்டு மூணு மணி நேரம் காத்திருந்து, இன்னொரு ஒரு மணி நேரம் பறக்கணும். ஏழு எட்டு மணி நேரம் ஆயிடும், சில டிக்கெட்ல காத்திருக்கறது மட்டும் பத்து மணி நேரம் இருக்கும். கொழும்பு வழியா போனா தூரமும் கூடும், சுமார் 3,400 கி.மீ ஆகும்.

என் கருத்தைக் கேட்டா, நாலு மணி நேர ரூட்டுக்கு மாறிப் போறது பெரும்பாலும் வேண்டாம். நடுவுல அந்த ஊரையும் ரெண்டு நாள் பார்க்கறதா இருந்தா தாராளமா செய்ங்க. வெறும் விலைக்காக மாறிப் போறீங்கன்னா ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே டிக்கெட்ல இருக்கான்னு கட்டாயம் பாருங்க. தனித்தனி டிக்கெட்னா முதல் ஃப்ளைட் லேட் ஆச்சுன்னா ரெண்டாவது போனது போனதுதான், பெட்டியையும் நடுவுல எடுத்து மறுபடி போடணும், அதுக்கு அந்த நாட்டுக்குள்ள நுழையற அனுமதி வேண்டியிருக்கும்.

நேரடி ஃப்ளைட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியான்னு பல பேர் ஓட்டறாங்க, திருச்சியில இருந்தும் இருக்கு. டைம்டேபிள் சீசனுக்கு சீசன் மாறும், மார்ச் கடைசியிலயும் அக்டோபர் கடைசியிலயும் மாத்துவாங்க, அதனால போன வருஷ டைமை நம்பாதீங்க. ராத்திரி போற ஃப்ளைட்ல ஒரு நாள் ஆபீஸ் லீவு மிச்சம்னு தோணும், ஆனா நாலே கால் மணி நேரத்துல ஏறி இறங்கற நேரம், சாப்பாடு, அறிவிப்பு எல்லாம் போக தூங்கக் கிடைக்கறது ரெண்டரை மணி நேரம்தான், அதுக்கு மேல கடிகாரமும் இரண்டரை மணி நேரத்தை எடுத்துக்கும். குழந்தைங்களோட, வயசானவங்களோட போறவங்களுக்குப் பகல் ஃப்ளைட்தான் நல்லது. திரும்பும்போது சாயங்கால ஃப்ளைட் சுகம், இழந்த இரண்டரை திரும்பக் கிடைச்சுடும், வீட்டுக்கு வந்து தூங்கலாம்.

படி 8: கிளம்பற அன்னைக்கு

ஃப்ளைட்ரேடார்24 மாதிரி ஆப்ல உங்க ஃப்ளைட் நம்பரைப் போட்டா கடந்த சில நாளா அது நிஜமா எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கிச்சுன்னு வரிசையா காட்டும். அந்தப் பட்டியல்தான் நீங்க போட்ட கணக்குக்கு நல்ல சோதனை, ஒரு வாரத்தைப் பார்த்தாலே அந்த ஃப்ளைட் வழக்கமா எவ்வளவு லேட் ஆகும்னு பிடிபட்டுடும்.

அன்னைக்கு சாயங்காலம் இன்னொண்ணும் பாருங்க. சென்னையில இருந்து ராத்திரி ஃப்ளைட் விடற, சிங்கப்பூரைச் சேர்ந்த ஏர்லைன்கள் பெரும்பாலும் அங்க இருந்து அப்போதான் வந்த விமானத்தையே ஒரு மணி நேரத்துல சுத்தம் பண்ணி, எண்ணெய் போட்டு திருப்பி அனுப்பும். அந்த விமானம் சிங்கப்பூர்ல இன்னும் கிளம்பவே இல்லைன்னு ஆப்ல தெரிஞ்சா உங்க ஃப்ளைட்டும் லேட்டுதான், ஏர்லைன் மெசேஜ் அனுப்பறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சுடும். அப்படித் தெரிஞ்சாலும் வீட்டுல இருந்து லேட்டா கிளம்பாதீங்க, வேற விமானத்தை மாத்தி விட்டு சரியான நேரத்துக்கே கிளப்பவும் வாய்ப்பு இருக்கு, கவுன்ட்டர் மூடற நேரம் டிக்கெட்ல இருக்கற டைமை வச்சுத்தான். அந்தப்பக்கம் அழைக்க வர்றவங்களுக்கு மட்டும் ஒரு போன் போட்டு, விமானம் சென்னையை விட்டுக் கிளம்பினதை ஆப்ல பார்த்துட்டு அதுக்கப்புறம் மூணே முக்கால் மணி நேரம் கழிச்சு வீட்ல இருந்து கிளம்பினா போதும்னு சொல்லிடுங்க.